முட்டளவுத் தண்ணீரில் நீச்சல்காரன் மூழ்குவது எப்படி? வலிப்புள்ள இளையோரின் காயங்களைத் தடுப்பது பற்றி

ஆற்றில் குளிக்கப் போன வாலிபர் வலிப்பு வந்து தண்ணீரில் மூழ்கிப் பலி. நெல்லைப் பக்கத்து நாளிதழ்களில் நாலு வரிக்கு மேல் போகாத செய்தி இது. டீக்கடையில் அதைப் படிக்கிறவர் உடனே கேட்பார்: "சின்னப் பிள்ளையிலேர்ந்து ஆத்துலயே கெடந்த பய, முட்டளவுத் தண்ணியில எப்படிப் போவான்?" அடுத்து சந்தேகம் கிளம்பும். குடித்திருப்பானோ, யாரும் தள்ளியிருப்பார்களோ, அந்தப் படித்துறையில் ஏதாவது இருக்கிறதோ.

கேள்விக்கு மருத்துவத்தில் நேரடியான பதில் இருக்கிறது. அது தெரிந்தால் ஆற்றில் மட்டுமல்ல, அடுப்படியிலும் மொட்டை மாடியிலும் கிணற்றடியிலும் எதை மாற்ற வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் பிடிபடும். 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களை மனதில் வைத்தே இங்கே பேசுகிறோம். பிள்ளை அம்மாவின் கண்ணைவிட்டு வெளியே போகத் தொடங்கும் வயது அது. மாத்திரையைத் தானே எடுத்துப் போட வேண்டிய வயதும் அதுதான்.

## வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு

மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதியிலோ மூளை முழுவதிலுமோ ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடித்தால் அது வலிப்பு. ஊர்ப்பேச்சில் ஃபிட்ஸ். 'காக்காய் வலிப்பு' என்ற பெயர் 'கால்-கை வலிப்பு' தேய்ந்து வந்தது என்பார்கள். காக்கைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஒருமுறை வலிப்பு வந்ததாலேயே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. கடும் காய்ச்சல், சர்க்கரை இறங்குவது, உப்புச்சத்துக் குறைவு இவற்றாலும் வலிப்பு வரலாம். இப்படி உடனடிக் காரணம் எதுவுமில்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள். ஒருமுறைதான் வந்தது என்றாலும், ஸ்கேனையும், மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யையும் பார்த்து மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று மருத்துவர் கருதினால் அதுவும் வலிப்பு நோய்தான். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் 100-ல் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்க முடியும்.

எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதல்ல. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் காயம் என்பது அமைகிறது.

1. பெரிய வலிப்பு. உடம்பு கட்டைபோல் விறைத்து, நின்ற நிலையில் சாய்ந்து, பிறகு கை கால் வெட்டி இழுக்கும். ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தலைக்காயம், நாக்கின் ஓரம் கடிபடுவது, தோள்பட்டை விலகுவது இதில்தான் அதிகம்.

2. தளர்ந்து விழும் வலிப்பு. நூலறுந்த பொம்மை மாதிரி சட்டென்று சரிவது. கையை ஊன்ற நேரமிருக்காது. நெற்றியும் மூக்கும் பல்லும் நேராகத் தரையில் மோதும். இந்த வகை அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கு மட்டும் தலைக்கவசத்தை அன்றாடம் போட்டிருக்கச் சொல்வதுண்டு.

3. காலை உதறல். பதின்வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயின் அடையாளம் இது. தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் தோளும் கையும் வெடுக்கென்று உதறும், நினைவு தப்பாது. காபி டம்ளர் பறக்கும், சீப்பு கைநழுவும். வீட்டில் "கவனமில்லாத கழுதை" என்று திட்டு விழும். ஒரு பெரிய வலிப்பு வந்த பிறகுதான் அந்த உதறலும் நோய்தான் என்று பலருக்குத் தெரிய வருகிறது.

4. நினைவு மங்கும் வலிப்பு. பார்வை வெறிச்சோடிப் போகும், வாய் எதையோ மெல்லும், விரல் சட்டைப் பொத்தானைத் திருகும். கீழே விழாமல் நடந்துகொண்டும் இருக்கலாம். நடந்து போய் ரோட்டில் இறங்கலாம், சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தபடி நிற்கலாம். பார்க்கிறவருக்கு இது வலிப்பு என்றே தோன்றாது.

5. சில நொடி விட்டுப்போகும் வலிப்பு. வகுப்பில் "எங்கடே பராக்கு பார்க்க?" என்று சாக்பீஸ் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது இதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தீங்கில்லை. சைக்கிள் மிதிக்கும்போது பத்து நொடி என்பது நீண்ட நேரம்.

## காயத்தைத் தீர்மானிப்பது எது?

இரண்டு நிமிட வலிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தமடைப் பாயில் படுத்திருக்கும்போது வந்தால், நாக்கு கடிபட்டு, உடம்பு வலியோடு எழுவான். அதே இரண்டு நிமிடம் தாமிரபரணியின் குறுக்குத்துறைக் கல்படியில் இடுப்பளவுத் தண்ணீரில் வந்தால், உயிர் போகலாம். மூளையில் நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆகவே காயத் தடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை. கவனிக்க வேண்டியவை நான்கு: தண்ணீர், தீ, உயரம், சக்கரம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வலிப்பின்போது வரும் காயங்களில் பெரும்பாலானவை சிராய்ப்பும் வீக்கமும்தான். எல்லாவற்றுக்கும் பயந்து, விளையாடாதே, டூர் போகாதே, தனியாக எங்கும் போகாதே என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது பாதுகாப்பாகத் தோன்றும். அப்படி வளர்ந்த பையன் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போவான். அவனுக்கு வலிப்பு உண்டு என்பது அங்கே ஒருத்தனுக்கும் தெரிந்திருக்காது. அதைவிட ஆபத்தான குளியல் வேறில்லை.

விளையாட்டைப் பொறுத்தவரை சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2016-ல் மூன்று பிரிவாகப் பட்டியல் தந்திருக்கிறது. கிரிக்கெட், கால்பந்து, வாலிபால், ஓட்டம், ஏன் மல்யுத்தம்கூடக் கூடுதல் ஆபத்தில்லாத முதல் பிரிவில் இருக்கின்றன. சைக்கிளும் நீச்சலும் நடுப்பிரிவு. பாறை ஏறுவது, ஆழ்கடல் முக்குளிப்பு, மோட்டார் பந்தயம் போன்றவை மூன்றாம் பிரிவு. வ.உ.சி. மைதானத்தில் பந்து வீசுகிற பையனைக் கூப்பிட்டு உட்கார வைக்க மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

## தண்ணீர்

வலிப்பு நோய் உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 15 முதல் 19 மடங்கு அதிகம். நீச்சல் தெரிந்தவனும் மூழ்குவதன் காரணத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

1. நினைவு முதலில் போய்விடுகிறது. நினைவில்லாதவனுக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்பதற்கே இடமில்லை.

2. உடம்பு விறைக்கும்போது நெஞ்சுத் தசைகள் இறுகி நுரையீரலில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. வலிப்பின் தொடக்கத்தில் சிலர் போடும் வினோதமான கத்தல் இப்படி வருவதுதான். சாதாரணமாக நம்மை மிதக்க வைப்பது நெஞ்சில் இருக்கும் காற்று. அது போனதும் உடம்பு கல்போல் இறங்கும்.

3. வெட்டி இழுப்பது நின்றதும் உடம்பு ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும். முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்.

4. கையைத் தூக்கி ஆட்டுவது, "காப்பாத்துங்க" என்று கத்துவது எதுவும் நடக்காது. பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு, முங்கு போட்டிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

முகம் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும். ஆழம் பொருட்டில்லை என்பது இதிலிருந்து விளங்கும். குளியலறைச் சிமெண்டுத் தொட்டியும் அப்படித்தான்.

ஆற்றுக்கே போகக் கூடாதா? தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளையிடம் அப்படிச் சொல்வது நடக்கிற காரியமில்லை. நடக்கக்கூடியது இது: வலிப்பு அண்மையில் வந்திருந்தாலோ, மருந்து மாற்றிக்கொண்டிருந்தாலோ, முந்தின நாள் மாத்திரை தவறியிருந்தாலோ, ராத்திரி தூக்கமில்லை என்றாலோ அன்றைக்கு ஆறு வேண்டாம், படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். மற்ற நாளில், அவனைப் பார்ப்பது மட்டுமே வேலையாக ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவருக்கு நீச்சல் தெரிய வேண்டும், அவனைத் தூக்கும் தெம்பு வேண்டும், வலிப்பு உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. "பத்துப் பேரோடதான போயிருக்கான்" என்பது ஆறுதல் மட்டும்தான். பத்துப் பேரும் குளித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் கூடுகிற கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கவனிப்பது இன்னும் சிரமம். அணைக்கட்டு, தோட்டக் கிணறு, கடல் இந்த மூன்றும், வலிப்பு நன்றாகக் கட்டுப்படும்வரை, வேண்டாம் என்பதே என் கருத்து. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் வைத்து வலிப்பு வந்துவிட்டால், பின்னாலிருந்து பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதுதான் முதல் வேலை. இழுப்பை அடக்கப் பார்க்க வேண்டாம். அடங்கியதும் கரையேற்றுங்கள். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிவிட்டு 108-க்குச் சொல்ல வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உள்ளே போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுக்குச் சிக்கல் தரும்.

வீட்டுக் குளியலறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடுவது, தாழ்வான பலகையில் உட்கார்ந்து குளிப்பது, வாளியில் போடுகிற ஹீட்டர் கம்பியை அறைக்குள் வைக்காமல் இருப்பது. கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்பக்கம் திறக்கும் கதவின் மேலேயே ஆள் விழுந்து கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது.

எண்ணெய்க் குளியல் பற்றி ஒரு வார்த்தை. தலையில் சூடான வெந்நீரை மளமளவென்று ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும் ஒரு வகை உண்டு. வெந்நீர் வலிப்பு என்றே அதற்குப் பெயர். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், இது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கிழமைகளில் மட்டும் பையன் குளியலறையில் மயங்குகிறான் என்றால், எண்ணெய்க் குளிர்ச்சி, காற்று, கருப்பு என்று போகாமல் மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் தலையைத் தனியாக மெதுவாக அலசினாலே பலருக்குக் குறைந்துவிடுகிறது.

## தீ

ஆற்றில் போவது செய்தியாகிறது. அடுப்படியில் வேகுவது செய்தியாவதில்லை. அதில் பெரும்பங்கு பெண்பிள்ளைகளுக்கு.

நம் வீடுகளில் சோறு வடிக்கிற அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். கொதிக்கிற பானையை இறக்கி, மூடியைக் கந்தைத்துணியால் அழுத்திப் பிடித்து, சாய்த்து, கஞ்சியைச் சட்டியில் வடிக்க வேண்டும். முகத்தில் ஆவி அடிக்கும், இரண்டு கையும் பானையில் இருக்கும். அந்த நேரத்தில் கை ஒரே ஒருமுறை உதறினால் போதும். மேலே சொன்ன காலை உதறல் வருவது தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில். சோறு வடிப்பதும், பால் காய்ச்சுவதும், காபி ஆற்றுவதும் அதே நேரத்தில். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் விழுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாற்றக்கூடியவை:

1. "ஏட்டி, நீ தள்ளு, நான் வடிக்கேன்" என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கும்வரை சரி. இல்லாத வீட்டில் வடிப்பதையே விட்டுவிட்டு, தண்ணீர் அளந்து வைக்கும் குக்கருக்கு மாறலாம். மின்சாரக் குக்கர் இன்னும் நல்லது; தீயே இல்லை.

2. காலையில் உதறல் வருகிறவருக்கு அடுப்பு வேலையை முற்பகலுக்கோ சாயங்காலத்துக்கோ தள்ளலாம். காய் நறுக்குவதையும் கூட. அரிவாள்மணை வேண்டவே வேண்டாம்.

3. தரையில் இருக்கும் விறகடுப்புதான் மிகக் கொடுமையான காயத்தைத் தருகிறது, விழுகிறவர் நேராக அதன்மேல் விழுவதால். கொல்லையில் வெந்நீர் போடும் அடுப்பும் அப்படித்தான். மேடையில் இருக்கும் கேஸ் அடுப்பையும் விளிம்பிலிருந்து சுவர்ப்பக்கம் தள்ளி, பாத்திரக் கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள்.

4. சுடு குழம்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடக்க வேண்டாம். தட்டை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம்.

5. நைலான் நைட்டி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படிக்குப் பருத்திதான் சரி.

வெந்துவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் வேண்டாம்.

## உயரமும் சக்கரமும்

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் படுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு வராத மாடியில் வலிப்புள்ள பிள்ளை படுக்க வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுப்பதில் விழ இடமே இல்லை, கட்டிலைவிட நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனால் கீழ்ப் படுக்கை. வாசலில் நின்று காற்று வாங்குவது வேண்டாம். பனையேற்றம், காற்றாலை மேலேறிச் செய்யும் வேலை, சாரம் கட்டிப் பெயிண்ட் அடிப்பது இவற்றை ஐ.டி.ஐ. முடித்த பையன் தேர்ந்தெடுக்கும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு மறைப்பதுதான் நடக்கிறது.

வண்டி விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. ஓட்டுநர் உரிமத்துக்கு எழுதிக் கொடுக்கும் படிவம் 1-ல், வலிப்பு நோயோ எந்தக் காரணத்தாலும் திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ உண்டா என்று கேட்கப்படுகிறது. 'ஆம்' என்றால் உரிமம் கிடைப்பதில்லை. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட உரிமம் கேட்கலாம். அப்படிப்பட்ட வழி இங்கேயும் வேண்டும் என்று கேட்பதில் நியாயமிருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குப் படிவத்தில் பொய் எழுதிவிட்டு வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பைக் ஓட்டுவது, எதிரே வருகிறவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பது. பேருந்து இருக்கிறது. சைக்கிளை, வலிப்பு கட்டுக்குள் இருந்தால், தலைக்கவசத்தோடு வண்டி குறைந்த தெருவில் ஓட்டலாம்.

## வலிப்பே வராமல் இருக்க

வீட்டில் எத்தனை மாற்றம் செய்தாலும் மாத்திரைக்கு ஈடாகாது. கட்டுக்குள் இருந்த வலிப்பு திடீரென்று வருவதற்கு முதல் காரணம் மாத்திரை தவறுவது. வழக்கமான வலிப்பு மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு மாதாமாதம் போகிற செலவும் அலைச்சலும்தான் பலரை நிறுத்த வைக்கிறது. மூன்று மாதமாக ஒன்றுமில்லையே என்று சட்டென நிறுத்தினால், விடாமல் தொடர்ந்து வரும் வலிப்பில் கொண்டுபோய்விடலாம். பக்க விளைவு இருந்தால் மருந்தை மாற்ற முடியும். தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் தரும் அளவு மருந்தே ஒருவரைக் கீழே தள்ளிக் காயப்படுத்தலாம். சில பழைய மருந்துகள் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலியும். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பெண்பிள்ளைகள் கல்யாணப் பேச்சுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும், அந்த மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால். தாமாக நிறுத்துவது கூடாது.

அடுத்த காரணம் தூக்கமின்மை. நம் ஊரில் அதற்குப் பெயர் கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. விடிய விடிய வில்லுப்பாட்டு, சாமக்கொடை, மறுநாள் பொழுது விடிந்ததும் பையன் விழுந்து துடிக்கிறான். சாமி வந்திருக்கிறது என்று ஒருவர், பேய் அடித்துவிட்டது என்று ஒருவர். மூளைக்கு ஆறு மணி நேரத் தூக்கம் குறைந்திருக்கிறது, ராத்திரி மாத்திரையும் கொட்டுச் சத்தத்தில் மறந்துபோயிருக்கிறது. பத்து மணிவரை வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுத் தூங்கி எழுந்து மறுநாள் மதியக்கொடைக்கு வரலாம். தசரா விரதமோ வேறு விரதமோ, மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதால் கெடுவதில்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு விடிய விடியப் படிப்பதும் கொடைக் கணக்கில்தான் சேரும். மது கூடவே கூடாது.

போன் பார்ப்பதால்தான் வந்தது என்று போனைப் பிடுங்குகிற வீடுகள் நிறைய. மினுங்கும் வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படுவது வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 3 முதல் 5 பேருக்கு மட்டுமே. ராத்திரி இரண்டு மணிவரை பார்த்துத் தூக்கம் கெடுவதுதான் போனின் பெரிய தீங்கு.

இரவு வலிப்பைப் பற்றிப் பேசப் பலரும் தயங்குகிறார்கள். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவர் வேறு காரணம் எதுவுமின்றித் திடீரென இறக்கிறார். பெரும்பாலும் தூக்கத்தில், பெரிய வலிப்புக்குப் பிறகு, குப்புறக் கிடந்த நிலையில். பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கே ஆபத்து மிகுதி. அப்படிப்பட்ட பிள்ளை தனி அறையில் படுக்காமல், சத்தம் கேட்கும் தூரத்தில் ஒருவர் படுத்திருப்பது நல்லது.

## கண்முன் வலிப்பு வந்தால்

1. செல்போனில் நேரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும்.

2. சுற்றியிருக்கும் கல், நாற்காலி, கத்தியை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டையோ செருப்பையோ மடித்து வையுங்கள். செருப்புக்கு இதுதான் வேலை; முகர வைப்பதற்கல்ல.

3. கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பிடிக்கிற வேகத்தில் எலும்பு முறியலாம்.

4. வாயில் கரண்டி, விரல், துணி எதையும் திணிக்க வேண்டாம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. உடைவது பல்.

5. இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். முழுதாகத் தெளியும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம்.

6. ஐந்து நிமிடம் தாண்டினால், தெளியாமல் மறுபடி வந்தால், முதல்முறையாக வந்திருந்தால், பலத்த அடிபட்டிருந்தால், கர்ப்பிணியாக இருந்தால் 108. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் அடிக்கலாம்.

சாவிக்கொத்து? கையில் இரும்பைக் கொடுத்ததும் நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாதவர் இல்லை. வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நிற்கிறது. சாவியைத் தேடி எடுத்து, இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிக்கவும் அதே அளவு நேரம் ஆகிறது. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அந்தச் சாவி உள்ளங்கையைக் கிழித்த தழும்பு பிள்ளைக்கு.

## அடங்கிய பிறகு

வலிப்பு நின்ற பத்து, இருபது நிமிடம் மனம் தெளிவாக இருக்காது. எழுந்து நடப்பான், ரோட்டுப் பக்கம் போவான். தடுத்து மல்லுக்கட்டினால் முரண்டு பிடிப்பான். கூடவே நடந்து, மெல்லப் பேசி, திசை திருப்புங்கள்.

பிறகு உடம்பைப் பாருங்கள். தலையில் அடிபட்டிருந்து, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்தைவிட நீண்ட நேரம் எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, "ஃபிட்ஸ் வந்தா அவன் தூங்கத்தான் செய்வான்" என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தோளைத் தூக்க முடியவில்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தடவக் கூட்டிப்போக வேண்டாம். வலிப்பில் தோள்மூட்டு பின்பக்கமாக விலகுவதுண்டு. முன்னாலிருந்து எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். வலிப்பு வந்தது என்பதை எக்ஸ்ரே எழுதும் மருத்துவரிடம் சொன்னால், வேறு கோணத்திலும் எடுக்கச் சொல்வார். நடுமுதுகு வலி நாள்கணக்கில் போகவில்லை என்றாலும் அப்படியே, முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம்.

## யாருக்குத் தெரிய வேண்டும்?

வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், ஹாஸ்டல் வார்டன், கூடப் படுக்கும் ஒரு கூட்டாளி. இவர்களுக்குச் சொல்ல வேண்டியது நாலு வரி: எப்படி வரும், எவ்வளவு நேரத்தில் அடங்கும், என்ன மாத்திரை, யாருக்குப் போன் செய்ய வேண்டும். பள்ளி அடையாள அட்டையின் பின்பக்கம் அதற்குப் போதுமான இடம்.

சிக்கல் கல்யாணத்தில் வருகிறது. அடிக்கடி வலிப்பு வருவது இந்து திருமணச் சட்டத்தில் ஒருகாலத்தில் தடையாக இருந்தது. 1999-ல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டாலும் ஊர் விடவில்லை என்பதால் மறைக்கிறார்கள். மறைத்தால் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். கல்யாண வீட்டில் மூன்று நாள் தூக்கமில்லை. பெட்டிக்குள் ஒளித்த மாத்திரையை எடுக்க ஆளில்லாத நேரம் வாய்க்கவில்லை. நாலாம் நாள் காலையில் பெண் புது வீட்டு அடுப்படியில் பானையின் முன் நிற்கிறாள், அவளைப் பற்றி எதுவும் தெரியாத நாலு பேர் நடுவில். வலிப்புக்கும் தீக்காயத்துக்கும் இதைவிடப் பொருத்தமாக ஏற்பாடு செய்ய யாராலும் முடியாது. நிச்சயத்துக்கு முன்பே சொல்லி, சம்மதித்து வந்த வீட்டில் மாத்திரை டப்பா சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு "மாத்திரை போட்டியாட்டி?" என்று கேட்க அங்கே ஒரு மாமியாரும் இருப்பார்.